பள்ளிப் பணியாளர்களுக்கு இணையப் பாதுகாப்பு: மொரீஷியஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸின் தொடக்கப் பள்ளிகளிலும், இங்கே கொலேஜ் என்று வழங்கும் இடைநிலைப் பள்ளிகளிலும் பணியாற்றும் தமிழாசிரியர்கள், அலுவலக எழுத்தர்கள், நூலகப் பொறுப்பாளர்கள், வார இறுதிகளில் கோயில் மண்டபங்களில் தமிழ் வகுப்பு நடத்துவோர் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கணினிப் பயிற்சி எதுவும் இல்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால் தொழில்நுட்பம் தேவையான அளவுக்கு மட்டுமே வரும். பள்ளியின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். பெரும்பாலான இழப்புகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

எங்களுடையது சிறிய பள்ளி. எங்கள் கணினியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?

பணம் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் விவரங்கள் இருக்கின்றன: முழுப்பெயர், பிறந்த நாள், முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண்கள், சில வேளைகளில் மருத்துவக் குறிப்புகளும் குடும்பச் சிக்கல்களைப் பற்றிய கடிதங்களும். வயது வந்தவர் தம் வங்கிக் கணக்கை அவ்வப்போது பார்ப்பதால் முறைகேடு நடந்தால் விரைவில் அறிந்துகொள்வார். எட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் நடக்கும் மோசடியைப் பல ஆண்டுகள் எவரும் கவனிப்பதில்லை. அதனால்தான் அந்த விவரங்களுக்கு விலை இருக்கிறது.

தாக்குபவர் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து வர வேண்டியதும் இல்லை. பலவீனமான கடவுச்சொல்லோ பழைய மென்பொருளோ எங்கே அகப்படுகிறது என்று தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதையும் ஓயாமல் துழாவுகின்றன. அகப்பட்டது ரோஸ் பெல்லில் உள்ள பள்ளியா, பாரிஸில் உள்ள வங்கியா என்பது நுழைந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். 2024 டிசம்பரில், வட அமெரிக்கப் பள்ளிகள் பல பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மாணவர் பதிவேட்டு மென்பொருளிலிருந்து, திருடப்பட்ட உள்நுழைவு விவரத்தைக் கொண்டு கோடிக்கணக்கான மாணவர்களின் தகவல்கள் அள்ளிச் செல்லப்பட்டன. தரவு அழிக்கப்படும் என்று நம்பி நிறுவனம் பணம் கொடுத்த பின்னரும், 2025 மே மாதத்தில் அதே தகவல்களைக் காட்டிப் பள்ளி வாரியங்களுக்கு நேரடியாக மிரட்டல் வந்தது.

இணையப் பாதுகாப்பு என்பது எதைக் காக்கிறது?

மூன்றை. மாணவரின் மதிப்பெண்ணை உரியவர் மட்டுமே பார்க்க வேண்டும். அதை உரியவர் மட்டுமே மாற்ற முடிய வேண்டும். தேவைப்படும் நாளில் அது கிடைக்க வேண்டும். பின்வரும் எல்லா அறிவுரைகளும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைக் காப்பதற்கானவை.

போலி மடல்களை எழுத்துப்பிழைகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

அந்த அறிவுரையை மறந்துவிடுவதே நல்லது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் பிழையற்ற பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மடல் எழுதுவது எவருக்கும் எளிதாகிவிட்டது. மறுபுறம், நம் தீவில் வாட்ஸ்அப் செய்திகளின் அன்றாட மொழி கிரியோல். அதைக் கைப்பேசியில் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுகிறோம். பிழையைச் சந்தேகிப்பது என்று தொடங்கினால் உடன்பணியாளர் எவரையும் நம்ப முடியாது. பிழையின்மையை நம்புவது என்றால் மோசடிக்காரரை நம்ப வேண்டியிருக்கும்.

எழுத்தை விட்டுவிட்டு, செய்தி உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். உங்களை அவசரப்படுத்தி, வழக்கமான நடைமுறையைத் தாண்டி, கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் குறியெண், பணம், மாணவர் பட்டியல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கும் செய்தி எவர் பெயரில் வந்தாலும் சரிபார்க்கப்பட வேண்டியதே. பள்ளிகளில் மிகுதியாகப் பலிப்பது மேலதிகாரியின் பெயர்தான். “நான் கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பிவிடுங்கள், மாலையில் தருகிறேன்” என்று கொலேஜின் தலைவரான ரெக்டரின் படத்துடன் புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தால், மறுகேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்கும் இளம் எழுத்தர் பணத்தை அனுப்பிவிடுவார். தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோயில் நன்கொடை என்றும், தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் பட்டியலைத் திறக்கும் இணைப்பு என்றும் அதே தந்திரம் வேறு வேடத்தில் வரக்கூடும்.

சரிபார்க்கும் முறை ஒன்றுதான்: வந்த செய்திக்குப் பதில் எழுதாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். “பணம், கடவுச்சொல், மாணவர் விவரம் ஆகியவற்றை எழுத்து வழியாக நான் கேட்டால் என்னைக் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே செய்யுங்கள்” என்று தலைமையாசிரியரோ ரெக்டரோ பணியாளர் கூட்டத்தில் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும். விலை கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களைவிட இந்த அறிவிப்பு பயனுள்ளது என்பது என் கருத்து.

இணைப்பின் முகவரியை எப்படிப் படிப்பது?

முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியின் கடைசித் துண்டைப் பாருங்கள். “நம்பள்ளி.உள்நுழைவு-உதவி.காம்” என்று ஒரு முகவரி இருந்தால் அதன் உரிமையாளர் “உள்நுழைவு-உதவி.காம்” என்ற தளத்தை வைத்திருப்பவரே, முன்னால் உள்ள “நம்பள்ளி” என்பதை எவரும் ஒட்டிக்கொள்ளலாம். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக்குறி, போகும் வழியில் தகவலை இடையில் எவரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. போய்ச் சேரும் இடம் நேர்மையானதா என்பதை அது சொல்வதில்லை. கைப்பேசித் திரையில் நீண்ட முகவரிகள் பாதி மறைந்துவிடுவதால், ஐயம் வந்தால் இணைப்பைத் தொடாமல் வழக்கமாகச் செல்லும் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து செல்லுங்கள்.

இணைப்பை அழுத்திக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் யாரிடமாவது சொல்லுங்கள்; பொறுப்பாளரைத் தேடிக் கிடைக்காவிட்டால் பக்கத்து மேசையில் இருப்பவரிடமாவது சொல்லுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அந்தக் கடவுச்சொல்லை மாற்றி, அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ அங்கெல்லாமும் மாற்றுங்கள். கணக்கு அமைப்புகளில் “எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு” என்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றியது மட்டும் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவரை எல்லா வேளையிலும் வெளியேற்றுவதில்லை. மின்னஞ்சல் அமைப்புகளையும் பாருங்கள்: உங்களுக்கு வரும் மடல்களின் படி வேறொரு முகவரிக்குத் தானாகப் போகும்படி மோசடிக்காரர் விதி அமைத்துவிட்டுப் போவது மிக வழக்கமான செயல், கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் அது தொடர்ந்து இயங்கும். ஏதேனும் கோப்பு தரவிறங்கியிருந்தால் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். சான்றாகத் தேவைப்படும் என்பதால் மடலை அழிக்க வேண்டாம்.

இங்கே பள்ளி நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழுத்தியவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளும் பள்ளியில் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார். பத்து நிமிடத்தில் சொன்னால் ஒரு கணக்கோடு முடியும் விவகாரம், வெட்கத்தால் மூன்று நாள் மறைக்கப்பட்டால் பள்ளி முழுவதையும் பாதிக்கும்.

நல்ல கடவுச்சொல் எது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா?

நீளமாக இருப்பதும், வேறெங்கும் பயன்படுத்தாததாக இருப்பதும் போதும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை, தமிழும் கிரியோலும் கலந்து ஆங்கில எழுத்தில் கோத்தால் நினைவில் நிற்கும், ஊகிக்கவும் கடினம். எல்லோரும் மனப்பாடமாக அறிந்த செய்யுள் அடி, குலதெய்வத்தின் பெயர், பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு ஆகியவை வேண்டாம்.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேசிய அடையாள எண்ணின் முதல் எழுத்து குடும்பப் பெயரிலிருந்தும், அடுத்த 6 இலக்கங்கள் பிறந்த நாளிலிருந்தும் வருகின்றன. ஆகவே பள்ளிப் படிவம் ஒன்று வெளியே போனால் அதிலுள்ளவரின் பிறந்த நாளும் சேர்ந்தே வெளியே போகிறது; பிறந்த நாளைக் கடவுச்சொல்லாகவோ கைப்பேசியின் திறவெண்ணாகவோ வைத்திருப்பவர் அதையும் கொடுத்தவர் ஆகிறார். மாணவர் கணக்குகளுக்கு அடையாள எண்ணையே முதல் கடவுச்சொல்லாகக் கொடுக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அதைக் கைவிட வேண்டும்.

காலந்தோறும் கட்டாயமாக மாற்றச் சொல்வது பழைய முறை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலன்றிக் கட்டாய மாற்றம் வேண்டாம் என்றது; மாற்றச் சொன்னால் மக்கள் இறுதியில் உள்ள 1ஐ 2 ஆக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாதவர் கடவுச்சொல் மேலாளர் என்ற செயலியைப் பயன்படுத்தலாம். அதுவும் பிடிக்காவிட்டால் வீட்டில் பூட்டிய இழுப்பறையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிடப் பன்மடங்கு மேல்.

ஆசிரியர் அறைக் கணினிக்கு எல்லோருக்கும் ஒரே உள்நுழைவுதான். அதில் என்ன தவறு?

மதிப்பெண் மாறிவிட்டால் மாற்றியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்பது முதல் தவறு. அதைவிடப் பெரியது, பலருக்குத் தெரிந்த கடவுச்சொல் மாணவர்களுக்கும் விரைவில் தெரிந்துவிடும் என்பது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், கல்வித்துறையில் உள்ளிருந்தவர்களால் நேர்ந்த 215 தகவல் மீறல்களை ஆராய்ந்து 2025 செப்டம்பரில் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் 57 விழுக்காட்டைச் செய்தவர்கள் மாணவர்கள். திருடப்பட்ட உள்நுழைவு விவரங்களால் நிகழ்ந்தவை 30 விழுக்காடு; அவற்றில் 97 விழுக்காடு மாணவர்களின் வேலை. நுட்பமான முறைகள் தேவைப்பட்டவை வெறும் 5 விழுக்காடு. மற்றவற்றில் பலவற்றுக்கு, திறந்து கிடந்த கணினியும், கடவுச்சொல்லை எழுதி வைத்த தாளும், ஊகிக்க எளிதான கடவுச்சொல்லும் போதுமானவையாக இருந்தன. பிரிட்டனின் எண்கள்தாம் இவை. நம் வகுப்பறைகள் இதற்கு விலக்கு என்று நினைக்க நான் காரணம் எதையும் காணவில்லை.

ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் ஒருங்கே அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். கணினியை ஒளிப்படக் காட்டியில் (புரொஜெக்டரில்) இணைத்திருக்கும்போது கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டாம். மறைத்துக் காட்டப்பட்டாலும் விரல்களை முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு அவசியமா?

பள்ளிக் கணக்குகளில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கடவுச்சொல்லோடு, கைப்பேசிச் செயலி தரும் குறியெண்ணும் தேவை என்று அமைத்துவிட்டால், கடவுச்சொல் திருடு போனாலும் அது மட்டும் திருடனுக்கு உதவாது. குறுஞ்செய்தியாக வரும் குறியெண்ணைவிடச் செயலி பாதுகாப்பானது, ஏனெனில் உங்கள் எண்ணைத் தம் சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் மோசடிக்காரரிடம் குறுஞ்செய்தி போய்விடும். செயலி கிடைக்காவிட்டால் குறுஞ்செய்தியும் போதும். அந்தக் குறியெண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரரே. நீங்கள் உள்நுழையாத நேரத்தில் “ஒப்புதல் அளிக்கவா” என்று கைப்பேசி கேட்டால் மறுத்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பெற்றோர்களுடன் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரிந்துவிடுகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரிந்து வாழும் பெற்றோர், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெற்ற தாய் போன்றோருக்கு அதுவே ஆபத்தாகலாம். அறிவிப்பை மட்டும் அனுப்புவதற்கு, உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாத அறிவிப்புப் பட்டியல் வசதி போதும். மதிப்பெண் பட்டியல், வராதோர் பட்டியல், மருத்துவச் சான்று ஆகியவற்றைக் குழுவில் இடவே கூடாது.

கணக்குக் கைப்பற்றல் இங்கே பழகிப்போன மோசடி. “தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியெண் வந்துவிட்டது, அதை அனுப்புங்கள்” என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். அவர் கணக்கும் முன்னரே பறிபோயிருக்கும். அந்த 6 இலக்கக் குறியெண்ணைக் கொடுத்தால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போகும், அடுத்து உங்கள் பெயரில் பெற்றோர்களிடம் பணம் கேட்கப்படும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சிறிய ஊரில் தமிழ் டீச்சர் கேட்டால் எவரும் இல்லை என்று சொல்வதில்லை. வாட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஒரு திறவெண் வைத்துவிடுங்கள். “இணைக்கப்பட்ட சாதனங்கள்” என்ற பகுதியில் உங்களுக்குத் தெரியாத கணினி ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரான்சம்வேர் என்கிறார்களே, அது என்ன?

கணினியிலுள்ள கோப்புகளை எல்லாம் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீய நிரல். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை என்ற இத்தகைய நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. “பிறகு நினைவூட்டு” என்ற பொத்தானை அழுத்தும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1865இல் தொடங்கப்பட்ட லிங்கன் கல்லூரி, கொரோனாக் காலத்தில் நலிந்திருந்த நிலையில், 2021 டிசம்பரில் நடந்த இத்தகைய தாக்குதலால் மாணவர் சேர்க்கை விவரங்களைப் பல வாரங்கள் அணுக முடியாமல் போய், 2022 மே மாதத்தில் மூடப்பட்டது.

இதற்கு மாற்று காப்புநகல்தான். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று நகல்கள், இரண்டு வேறுவகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று பள்ளிக்கு வெளியே என்பது நெடுநாள் வழக்கமான விதி. அந்தக் கடைசி நிபந்தனையை நம் தீவில் இயற்கையே கற்றுக்கொடுக்கிறது: 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸில் வெள்ளம் புகுந்ததை நினைத்தால், கணினிக்கு அருகிலேயே அலமாரியில் வைத்த வன்வட்டு எதற்கு உதவும் என்று புரியும். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வன்வட்டை ரான்சம்வேரும் மறையாக்கம் செய்துவிடும் என்பதால், நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். மேகச் சேமிப்பில் கோப்புகள் தாமாக ஒத்திசைவது மட்டுமே காப்புநகலாகாது. இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரும், பழைய பதிப்புகளை மீட்கும் வசதி இருந்தால்தான் தப்பலாம். தவணைக்கு ஒருமுறை ஒரு கோப்பையாவது நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகலாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எங்கள் கணினிகள் பழையவை. பயன்படுத்தலாமா?

விண்டோஸ் 10க்கான இலவசப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் மாணவர் பதிவேட்டையோ வங்கிக் கணக்கையோ திறக்காதீர்கள். இணையம் இல்லாமல் தட்டச்சுக்கும் அச்சிடுவதற்கும் அவை இன்னும் பயன்படும்.

பென் டிரைவ்?

கண்டெடுத்ததைச் செருகாதீர்கள். வினாத்தாளைப் பென் டிரைவில் வைத்துச் சுமப்பதானால் மறையாக்கம் செய்து வையுங்கள். பஸ்ஸில் தவறவிடுவதற்கு அதைவிட எளிதான பொருள் இல்லை.

மாணவர் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுத் திருத்தலாமா?

பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. “என் குடும்பம்” என்று ஒரு பிள்ளை எழுதிய கட்டுரையில் பெயரை நீக்கினாலும் வீட்டுக் கதை இருக்கும். அத்தகையவற்றைக் கையாலேயே திருத்துங்கள். ஒருவரின் குரலைச் சில விநாடிப் பதிவிலிருந்து போலியாக உருவாக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆகவே ரெக்டரின் குரலில் வாட்ஸ்அப் ஒலிச்செய்தி வந்தாலும் மேலே சொன்னபடி அழைத்துக் கேட்கும் விதி பொருந்தும்.

சட்டம் பள்ளியிடம் என்ன எதிர்பார்க்கிறது?

2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் பொருந்தும். தேவைக்கு மிஞ்சிய விவரங்களைக் கேட்கக்கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஒப்புதலின் பேரில் பிள்ளைகளின் விவரங்களைக் கையாளும்போது, 16 வயதுக்குக் குறைந்தவர்களாயின் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். விளையாட்டு விழாப் படங்களை முகநூலில் இடுவதற்கு முன் இதைத்தான் எண்ண வேண்டும். தகவல் மீறல் நேர்ந்தது தெரிந்ததும், தாமதமின்றி, இயன்றவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். பாதிப்பு பெரிதாக இருக்குமானால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த 72 மணி நேரத்தில் சனி, ஞாயிறும் அடங்கும் என்பதால், பள்ளி அறிந்த கணமே பொறுப்பாளர் அறிவது முக்கியம்.

ஒரு மாணவரே பள்ளிக் கணக்கில் நுழைந்துவிட்டார் என்றால்?

அனுமதியின்றி நுழைவது 2021ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்பு, இணையக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம் என்பதை மாணவரும் பெற்றோரும் அறிய வேண்டும். ஆனால் 13 வயதுப் பிள்ளை ஆர்வத்தால் செய்ததும், மதிப்பெண்ணை விலைக்கு மாற்றிக் கொடுத்ததும் ஒன்றல்ல. முதல் வகையினரை வெளியேற்றிவிடுவதைவிட, என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று பொறுமையாகக் கேட்பது பள்ளிக்கே பயன். ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

மாணவர் ஒருவரின் அந்தரங்கப் படம் பரவுவதாகத் தெரிந்தால் சான்றுக்காகக்கூட அதை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், படியெடுக்காதீர்கள். அத்தகைய படத்தை வைத்திருப்பதே உங்களைச் சட்டச் சிக்கலில் ஆழ்த்தும். படம் இருக்கும் கைப்பேசியை அணைத்து வைத்து, தலைமையாசிரியர் வழியாகப் போலீசுக்குத் தெரிவியுங்கள்.

யாரிடம் புகார் செய்வது?

பணம் போயிருந்தால் முதலில் வங்கி, நிமிடங்கள் கணக்கு. சமூக ஊடக மோசடி, போலிக் கணக்கு, மிரட்டல் ஆகியவற்றை மௌகார்ஸ் என்ற அரசின் இணையப் புகார்த் தளத்தில் பதியலாம். கணினித் தாக்குதல், ரான்சம்வேர் போன்றவற்றுக்கு மொரீஷியஸின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-எம்யூ உதவும். குற்றம் என்று தோன்றினால் போலீசில் தனியே புகார் கொடுக்க வேண்டும். இணையத்தில் பதிந்தது அதற்கு ஈடாகாது. புகார் கொடுக்கும் முன் திரைப்படிகள், அனுப்பியவரின் எண், நாள், நேரம் ஆகியவற்றைச் சேமித்து, வங்கி, செர்ட்-எம்யூ, போலீஸ் ஆகியவற்றின் தொலைபேசி எண்களை முன்கூட்டியே ஒரு தாளில் அச்சிட்டு அலுவலகத் தொலைபேசிக்கு அருகே ஒட்டி வையுங்கள். கணினி முடங்கிய நாளில் கணினிக்குள் இருக்கும் பட்டியலைத் திறக்க முடியாது.